முதலில் லென்ஸைப் பாருங்கள்

சிடி டிரான்ஸ்போர்ட் வாங்கப் போனால் கடையில் முதலில் ஒலியைப் பற்றித்தான் பேசுவார்கள். பேஸ் இறுகும், பாடகர் முன்னால் வந்து நிற்பார், வாத்தியங்கள் தனித்தனியாகப் பிரிந்து கேட்கும் என்பார்கள். விருதுநகர் மாவட்டத்துக்காரர் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இதன் லென்ஸ் போனால் மாற்று லென்ஸ் எங்கே கிடைக்கும்? மதுரையிலா, சென்னை ரிச்சி தெருவிலா, இல்லை பெட்டியையே வெளி மாநிலத்துக்கு அனுப்ப வேண்டுமா? வெயிலும் தூசியும் பட்டாசுக் கந்தகமும் சேர்ந்த மண் இது. இங்கே ஒரு டிரான்ஸ்போர்ட்டின் தரத்தை அது எத்தனை வருடம் திக்காமல் ஓடுகிறது என்பதை வைத்துத்தான் நான் அளப்பேன். ஒலிக்கான பணத்தை ஸ்பீக்கரில் போடலாம்.

நாம் பழகிய சிடி பிளேயரில் இரண்டு வேலைகள் ஒரே பெட்டிக்குள் நடந்தன. தகட்டைச் சுழற்றி, லேசரால் படித்து, எண்களாக எடுப்பது ஒன்று. அந்த எண்களை ஒலி அலையாக மாற்றி ஆம்பிளிஃபயருக்குக் கொடுப்பது இன்னொன்று. முதல் வேலையை மட்டும் செய்யும் பெட்டிதான் டிரான்ஸ்போர்ட். இரண்டாவது வேலைக்கு ‘டேக்’ என்று தனிப் பெட்டி உண்டு. இப்போது வரும் பல ஆம்பிளிஃபயர்களுக்குள்ளேயே அது இருக்கிறது. இப்படிப் பிரிப்பதில் ஒரு நியாயம் உண்டு. எண்ணை ஒலியாக்கும் சில்லு எளிதில் கெடாது. கெடுவதெல்லாம் சுழலும் மோட்டாரும், நகரும் லென்ஸும், டிரேயை இழுக்கும் ரப்பர் பெல்ட்டும்தான். கெடக்கூடியதைத் தனியே வைத்துக்கொண்டால் அதை மட்டும் மாற்றலாம்.

கையில் போன் இருக்கும்போது சிடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில், தமிழ் இசையின் ஒரு பெரும் பகுதி இன்னும் தகட்டில்தான் ஒழுங்காக இருக்கிறது என்பது. பழைய திரைப்பாடல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் சில, கேசட்டிலிருந்து எடுத்தது போல மங்கியிருக்கின்றன. சில, பின்னாளில் சத்தத்தைக் கூட்டி நசுக்கப்பட்டவை. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ 1986-இல் வந்தது. வயலின்கள் தாழ்ந்து அடங்கி மறுபடி எழும் இடங்களில், பழைய தகட்டில் அந்த ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கிறது. 2005-இல் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவுடன் அவர் செய்த திருவாசகம் தகட்டாகவே வீடுகளுக்குள் வந்தது. ஏ.ஆர்.ரஹ்மான் இசைத்தகடுகளின் அட்டையில் வாசித்தவர்கள் பெயரைப் போட்டார்; அந்த அட்டை இல்லையென்றால் பல புல்லாங்குழலும் பல கிடாரும் யாருடையவை என்றே நமக்குத் தெரிந்திருக்காது. பங்குனிப் பொங்கலுக்குக் குழாய் ஒலிபெருக்கியில் ஊரே பாட்டுக் கேட்கும் விருதுநகரில், வீட்டுக்குள் இதைப் பொறுமையாகக் கேட்கவும் ஆள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து சிடிக்கான விதிகளை 1980-இல் வகுத்தன. 1982 அக்டோபரில் சோனியின் சிடிபி-101 ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 12 சென்டிமீட்டர் அகலம், 1.2 மில்லிமீட்டர் கனம், நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். இசை உள்வட்டத்தில் தொடங்கி வெளியே போகிறது. தொடக்கத்தில் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று, வெளி ஓரத்தில் சுமார் 200. பக்கத்துப் பக்கத்துத் தடங்களுக்கு நடுவே 1.6 மைக்ரோமீட்டர்தான். இவ்வளவு நுணுக்கமான ஒன்றைப் படிக்கும்போது தவறு நேரும் என்று தெரிந்தேதான் அதை வடிவமைத்தார்கள். எண்களை நேர்வரிசையில் எழுதாமல் கலைத்துப் பின்னி, சரிபார்க்கும் குறியீடுகளோடு பதித்தார்கள். தடத்தில் ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் நீளம் படிக்க முடியாமல் போனாலும், விடுபட்ட எண்களை மிச்சத்திலிருந்து கணக்குப் போட்டு மீட்டுவிடலாம். மீள்வது தோராயமான எண் அல்ல, எழுதியிருந்த அதே எண். சேதம் அதையும் தாண்டினால் பக்கத்து எண்களை வைத்து ஊகித்து நிரப்பும். அதுவும் தாங்காவிட்டால் சத்தம் அறுபடும், அல்லது பாட்டு துள்ளும்.

ஆகவே நல்ல நிலையில் உள்ள ஒரு தகட்டை ஆயிரம் ரூபாய்க் கருவியில் போட்டாலும் லட்ச ரூபாய்க் கருவியில் போட்டாலும் வெளியே வரும் எண்கள் ஒன்றே. எண்கள் ஒன்றானாலும் அவை வந்து சேரும் நேரம் தள்ளாடலாம் என்பார்கள். ஜிட்டர் என்று அதற்குப் பெயர். டிரான்ஸ்போர்ட்டிலிருந்து டேக்குக்குப் போகும் கம்பியில் எண்களோடு கடிகாரத் துடிப்பும் சேர்ந்தே போவதால் அந்தக் கவலைக்கு இடம் இருந்தது உண்மைதான். 1990-களில் அதைப் பற்றி நிறைய ஆராய்ந்தார்கள். அதன் பலனாக, ஒழுங்காகச் செய்யப்பட்ட இன்றைய டேக், வரும் துடிப்பை அப்படியே நம்பாமல் தானே சீர்செய்துகொள்கிறது. கவலை இருந்தால் நல்ல டேக் வாங்குங்கள். கருவியின் காலுக்குக் கூம்பு, கைத்தடி கனத்தில் கம்பி, தகட்டின் ஓரத்துக்குப் பச்சை மை என்று செலவழிப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் கருவிக்குக் கருவி வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. காதால் சுலபமாகக் கண்டுபிடிக்கக்கூடிய வித்தியாசம், விளம்பரத்தில் யாரும் எழுதாத வித்தியாசம்.

முதலாவது, பாட்டுக்குப் பாட்டு விழும் இடைவெளி. கர்நாடகக் கச்சேரித் தகடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ராகம் ஓர் எண், தானம் ஓர் எண், பல்லவி ஓர் எண் என்று பிரித்திருப்பார்கள். ஆனால் பாட்டு அறுபடுவதில்லை, தம்புராவின் சுருதி ஓடிக்கொண்டே இருக்கிறது. முறையான டிரான்ஸ்போர்ட் அந்த எல்லையைக் கடந்ததே தெரியாது. மலிவான பல டிவிடி பிளேயர்கள் ஒவ்வொரு எல்லையிலும் ஒரு கணம் வாயை மூடிக்கொள்ளும். சுருதி அறுந்து மறுபடி ஒட்டும். தானத்திலிருந்து பல்லவிக்குள் பாடகர் நுழையும் அந்த நொடியில் இது நடந்தால் கச்சேரியே போயிற்று. கருவியை வாங்கும் முன் இப்படி ஒரு தகட்டைக் கையோடு கொண்டுபோய், எல்லைக்குச் சில நொடி முன்னாலிருந்து ஓட விட்டுப் பாருங்கள். எந்த அளவுகருவியும் வேண்டாம்.

இரண்டாவது, எண்களைத் தொடாமல் தருகிறதா என்பது. சில டிவிடி பிளேயர்கள் 44,100-ஐத் தாமாகவே 48,000-ஆக மாற்றி அனுப்பும். நம் ஊரில் ஓடிய பல மாடல்களில் கரோக்கே எக்கோ, முப்பரிமாண ஒலி, ஈக்வலைசர் எல்லாம் இருக்கும். அவை திறந்திருந்தால் எண்கள் மாறிவிடும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கருவியின் ஒலி அளவை முழுதாக வைக்க வேண்டும். இதைச் சோதிக்க ஓர் உறுதியான வழி உண்டு. ஹோம் தியேட்டர் ஆம்ப் உள்ள வீடுகளில் 2000-களில் சுற்றிய டிடிஎஸ் பாட்டுத் தகடு ஒன்று எங்காவது கிடக்கும். அதை டிரான்ஸ்போர்ட்டில் போட்டு டிஜிட்டல் கம்பி வழியாக அந்த ஆம்புக்கு அனுப்புங்கள். ஐந்து ஸ்பீக்கரிலும் பாட்டு பிரிந்து வந்தால் எண்கள் ஒரு பிட் கூட மாறாமல் வருகின்றன என்று பொருள். மாறியிருந்தால் இரைச்சல் மட்டுமே வரும். ஒலி அளவை மிகத் தாழ்த்தி வைத்துக்கொண்டே தொடங்குங்கள். அந்த இரைச்சல் முழு வேகத்தில் வந்தால் ட்வீட்டர் கருகிவிடும்.

மூன்றாவது, எதையெல்லாம் படிக்கும் என்பது. புதிய டிரான்ஸ்போர்ட் வாங்கியவர்கள் ஏமாறுவது இங்கேதான். நம் வீடுகளில் உள்ள தகடுகளில் பாதி, கடையில் கொடுத்து எரித்து வாங்கிய எம்பி3 தகடுகள். கேம்பிரிட்ஜ் ஆடியோவின் சிஎக்ஸ்சி போன்ற கருவி அசல் இசைத்தகட்டுக்கு என்றே செய்யப்பட்டது. எம்பி3 தகட்டைப் போட்டால் பாடாது. அது குறையல்ல, ஒரே வேலையைச் செய்யும் கருவி அது. ஆனால் வாங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டும்.

நான்காவது உறுமல். கருவி, ஆம்ப், டிஷ் பெட்டி, டிவி எல்லாம் வெவ்வேறு பிளக்கில் வெவ்வேறு எர்த்தோடு நிற்கும்போது ஸ்பீக்கரில் தாழ்ந்த குரலில் ஒரு ‘உம்ம்’ ஓடிக்கொண்டிருக்கும். பழைய வீட்டில் எர்த் சரியில்லை என்றால் கேட்கவே வேண்டாம். டிரான்ஸ்போர்ட்டையும் டேக்கையும் ஆப்டிகல் கம்பியால் இணைத்தால் அந்த வழியில் மின்தொடர்பே இருக்காது. நடுவே போவது வெளிச்சம் மட்டும். உறுமல் இல்லாத வீட்டில் கோஆக்சியல் போதும். அதற்குத் தனியாக விலை கொடுத்துக் கம்பி வாங்கவும் வேண்டாம். பழைய டிவிடி பிளேயரோடு வந்த மஞ்சள் வீடியோ கம்பி 75 ஓம் கம்பிதான், அந்த வேலையை நன்றாகச் செய்யும்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், முதல் டிரான்ஸ்போர்ட்டுக்கு நான் சொல்வது பரணில் கிடக்கும் டிவிடி பிளேயரைத்தான். பின்னால் திருப்பிப் பாருங்கள். ஆரஞ்சு நிற ஓட்டை இருந்தால் அது கோஆக்சியல் வெளியீடு. சிறு சதுர மூடி இருந்தால் ஆப்டிகல். பின்னாளில் வந்த மாடல்கள் சிலவற்றில் எச்டிஎம்ஐ மட்டும்தான் இருக்கும், அவை நமக்கு ஆகாது. டிவிடி லென்ஸுக்குள் இரண்டு லேசர்கள் உண்டு. டிவிடிக்கு 650 நானோமீட்டர், சிடிக்கு 780. ஒன்று போய் மற்றொன்று உயிரோடு இருப்பது வழக்கம். அதனால் பழையது வாங்கும்போது படம் ஓடுகிறதே என்று நம்பிவிடக் கூடாது. ஓர் அசல் சிடி, ஓர் எரித்த சிடி, இரண்டையும் போட்டு, கடைசிப் பாட்டுக்குத் தாவிப் பார்க்க வேண்டும். வெளி ஓரத்தில் தடுமாறும் லென்ஸ், விரைவில் எல்லா இடத்திலும் தடுமாறும்.

டிவிடி பிளேயரின் பெரிய பலம் அதன் லென்ஸ். எஸ்எஃப்-எச்டி65, எச்ஓபி-1200 போன்ற லென்ஸ்கள் எண்ணற்ற கம்பெனிகளின் பெட்டிகளுக்குள் ஒன்றுபோலவே இருந்தன. ரிப்பேர் கடைக்காரரிடம் கம்பெனிப் பெயரைச் சொன்னால் யோசிப்பார். லென்ஸ் எண்ணைச் சொன்னால் இழுப்பறையைத் திறப்பார். தனி சிடி பிளேயர்களில் இந்த இடம் சோனியின் கேஎஸ்எஸ்-213 வகைக்கு உண்டு. இதற்கு நேர் எதிர், ஆர்வலர்கள் கொண்டாடும் பிலிப்ஸின் சிடிஎம்-1, சிடிஎம்-4 போன்ற பழைய ஆடும்-கை இயந்திரங்கள். அழகான வேலைப்பாடு அவை. பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் புதிய லென்ஸ் தயாரிப்பில் இல்லை. உதிரிக்கென்று இன்னொரு கருவியையும் சேர்த்து வாங்க முடிந்தவர் மட்டுமே அந்த வழியில் போகலாம். ஜப்பானிலிருந்து வரும் பழைய கருவிகள் இன்னொரு கவனம் கேட்கும். அவை 100 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் அந்த நொடியே முடிந்தது. இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

டிவிடி பிளேயரிலிருந்து புதிய டிரான்ஸ்போர்ட்டுக்கு எப்போது ஏறலாம்? இடைவெளி தொந்தரவு செய்தாலோ, தகடு ஏறப் பாதி நிமிடம் ஆனாலோ, இயந்திரச் சத்தம் மெல்லிய ஆலாபனைக்குள் கேட்டாலோ ஏறலாம். ‘ஒலி மாறும்’ என்பதற்காக மட்டும் ஏற வேண்டாம். ஆடியோலேப் 6000சிடிடி தகட்டை முன்கூட்டியே படித்து நினைவகத்தில் வைத்துக்கொண்டு அனுப்புகிறது. கீறல் விழுந்த தகடுகள் அதிகம் உள்ளவருக்கு அது பயன்படும். ஆனால் அதில் டிரே இல்லை, தகட்டை வாய்க்குள் உறிஞ்சிக்கொள்ளும் வகை. தூசி அதிகமுள்ள வீட்டில் எனக்கு அதில் சம்மதம் இல்லை. அந்த வாயின் ஓரத்தில் படிந்த மணல், ஒவ்வொரு தகட்டின் மேலும் உரசும். சிஎக்ஸ்சியில் டிரே உண்டு. நம் மண்ணுக்கு டிரே நல்லது.

சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் கருவியை எங்கே வைக்கிறோம் என்பதும் வாங்குவதில் ஒரு பகுதிதான். லேசர் டையோடின் ஆயுளை வெப்பம் தின்னும். டிரான்ஸ்போர்ட்டை ஆம்பின் தலையில் ஏற்றி வைக்காதீர்கள். வெயிலில் கொதிக்கும் மேற்குச் சுவரோடு ஒட்டிய கண்ணாடி அலமாரிக்குள் அடைக்காதீர்கள். வெப்பத்தில் டிரேயின் ரப்பர் பெல்ட் நீண்டு வழுக்கும். உள்ளே லென்ஸ் நகரும் தண்டவாளத்தில் உள்ள கிரீஸ் இறுகிப் பிசின் ஆகிவிடும். டிரே திறக்காத கருவியை ‘போர்டு போச்சு’ என்று தூக்கிப் போடும் முன் பெல்ட்டைப் பாருங்கள். பல நேரம் ஒரு சிறு ரப்பர் வளையத்தோடு வேலை முடிந்துவிடும். தகடு ஏறாவிட்டால், லென்ஸை ஊதுபந்தால் ஊதி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் அழுத்தாமல் துடைத்துப் பார்க்க வேண்டும். லென்ஸில் உள்ள சிறு திருகைத் திருகி லேசரின் சக்தியைக் கூட்டுவது சில இடங்களில் நடக்கும் குறுக்குவழி. கொஞ்ச நாள் பாடும், பிறகு டையோடு ஒரேயடியாகப் போகும். அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறவர்கள் வீடு திரும்பும்போது துணியோடும் தலைமுடியோடும் அலுமினியப் பொடி ஒட்டிக்கொண்டு வரும். அது மின்சாரத்தைக் கடத்தும் பொடி. வெம்பக்கோட்டை, சாத்தூர்ப் பக்கத்துக் காற்றில் இதோடு கரிசல் மண்ணும் சேர்கிறது. இவை உள்ளே போகாமல் இருக்கக் கருவிக்கு மேல் துணி போர்த்துவதில் தவறில்லை, ஓடாத நேரத்தில் மட்டும். ஓடும்போது காற்றுத்துளைகள் திறந்திருக்க வேண்டும்.

இந்த மாவட்டத்துக்காரருக்குப் பிறர் சொல்லித்தர வேண்டாத விஷயம் நிலைமின்சாரம். மருந்துக் கலவை அறைக்குள் நுழையும் முன் தரையோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொட்டு உடம்பில் சேர்ந்ததை இறக்கிவிட வேண்டும், பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும் என்று இங்கே பாதுகாப்புப் பாடமாகவே சொல்லித்தருகிறார்கள். எத்தனையோ உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடம். அதே நிலைமின்சாரம் லேசர் டையோடையும் கண்ணுக்குத் தெரியாமல் கொன்றுவிடும். புதிய கேஎஸ்எஸ்-213 லென்ஸின் பின்புறத்தில் ஒரு சிறு ஈயப்பொட்டு இரண்டு முனைகளை இணைத்திருக்கும். டையோடைக் காக்க கம்பெனியே வைத்த பூட்டு அது. பட்டைக் கம்பியைச் செருகிய பிறகே அதை உருக்கி எடுக்க வேண்டும். எடுக்க மறந்தால் கருவி தகட்டைப் படிக்காது, ‘புது லென்ஸும் டூப்ளிகேட்’ என்று பழி வரும். மாற்றும்போது எர்த் உள்ள உலோகத்தைத் தொட்டுவிட்டு உட்காருங்கள்.

தகடுகளுக்கு வருவோம். தகட்டின் அடிப்பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைப்போம்; பெயர் அச்சிட்ட மேல்பக்கத்தை மேசையில் தேய்ப்போம். ஆபத்து மேலேதான். அடியில் 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் காவல் நிற்கிறது. மேலே உலோகப் படலத்துக்கும் காற்றுக்கும் நடுவே ஒரு மெல்லிய அரக்குப் பூச்சுதான். அங்கே கீறினால் இசையே பெயர்ந்து வந்துவிடும். துடைப்பதானால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்து விழும் கீறல் தடத்தோடு நீளமாக ஓடும். பிழைதிருத்தும் கணக்கால் அதைத் தாங்க முடியாது.

கந்தகத்துக்கும் தகட்டுக்கும் ஒரு பழைய பகை உண்டு. இங்கிலாந்தின் லங்காஷயரில் பிளாக்பர்ன் ஊரில் பிடிஓ என்ற ஆலை 1988 முதல் 1993 வரை அச்சடித்த தகடுகளில் ஒரு பகுதி, பின்னாளில் ஓரத்திலிருந்து பழுப்பேறிக் கெட்டது. அலுமினியத்துக்குப் பதில் வெள்ளிப் படலம் போட்டிருந்தார்கள். மேல்பூச்சு கந்தகத்தைத் தடுக்கவில்லை. அட்டைத் தாளில் இருந்த கந்தகமே வெள்ளியைத் தின்றுவிட்டது. தாளில் இருந்த சிறு அளவுக்கே அந்தக் கதி. பெரும்பாலான தகடுகள் அலுமினியம்தான், அவற்றுக்கு இந்தப் பயம் இல்லை. ஆனால் உங்களிடம் உள்ள பழைய வெளிநாட்டுத் தகட்டின் ஓரம் செம்பு நிறம் காட்டினால், அதைத் தனியே எடுத்துவைத்து உடனே கணினியில் படி எடுங்கள். தீபாவளி வாரத்தில் தகடுகள் மூடிய பெட்டிக்குள் இருக்கட்டும்.

படி எடுப்பது என்றால் எம்பி3 அல்ல. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள் ஒவ்வொரு பகுதியையும் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிட்டு எடுக்கும்; ஃபிளாக் கோப்பாக வைத்தால் ஓர் எண்ணும் குறையாது. வரிசையில் முதலிடம் கடையில் வாங்கிய அசல் தகடுகளுக்கு இல்லை. அவை இன்னும் பல ஆண்டு தாங்கும். எரித்த தகடுகள்தான் முதலில். கல்யாணத்தில் வாசித்த நாதஸ்வரம், கும்பாபிஷேகப் பதிவு, ஊர்க் கொடையில் பாடிய வில்லுப்பாட்டு, தாத்தா பேசிய பேச்சு என்று ஸ்டுடியோக்காரர் எரித்துக் கொடுத்தவை உலோகப் பள்ளங்களில் இல்லை, ஒரு சாயப் படலத்தில் இருக்கின்றன. வெயிலும் வெப்பமும் அந்தச் சாயத்தை வெளுக்கும், கடையில் அதற்கு மறுபிரதி கிடையாது. நல்ல டிரான்ஸ்போர்ட் ஒரு முறை திணறினால் அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு, கணினியின் டிரைவில் குறைந்த வேகத்தில் படித்துப் பாருங்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிப்பது உண்டு. இரண்டு வன்தட்டுகளில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.